நாற்றைப் பழக்கும் நாட்கள்

வானொலி மறையுரை: தவக்காலம் முதல் ஞாயிறு



கடந்த புதன்கிழமை நம் நெற்றியில் சாம்பல் பூசப்பட்டது. நாற்பது நாள் பயணத்தைத் தொடங்கியிருக்கிறோம். இதே நாட்களில் ஜேர்மனியின் கடைகளில் விதைப் பைக்கற்றுகள் வந்து தொங்குகின்றன. வெளியே இன்னும் குளிர் விடவில்லை. காலையில் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் யன்னலடியில் யோகட் கோப்பைகள் வரிசையாக ஏறிவிட்டன. ஒன்றில் மிளகாய், ஒன்றில் கத்தரி, இன்னும் இரண்டு கிழமையில் தக்காளி. பாகலுக்கும் வெண்டிக்கும் சித்திரை வரட்டும் என்று பொறுத்திருக்கிறார்கள். பூ விரும்புகிறவர்கள் ஒரு சின்னத் தட்டில் பெற்றூனியாவும் தூவியிருப்பார்கள்.

தவக்காலமும் நாற்றுக்காலமும் இந்த நாட்டில் கைகோத்து வருகின்றன. இங்குள்ள பழைய கத்தோலிக்க விவசாயிகள் விதைப்பு நாட்களைப் புனிதர்களின் திருநாட்களை வைத்தே நினைவில் வைத்திருந்தார்கள். மார்ச் 17 நிவெல் நகர் புனித கேர்ட்ரூட் திருநாள். 7ஆம் நூற்றாண்டில் துறவற மடமொன்றின் தலைவியாக இருந்தவர், தோட்டக்காரர்களின் பாதுகாவலி. அவருடைய நாளோடு தோட்டவேலை தொடங்கும் என்பது மக்கள் வழக்கு. அதன் மறு எல்லை மே மாதத்தில் வருகிறது. மே 11 புனித மமெர்ட்டுஸ், 12 புனித பன்கிராஸ், 13 புனித செர்வாத்தியுஸ், 14 புனித பொனிப்பாசியுஸ், 15 புனித சோபியா. இந்த ஐவரையும் ஜேர்மானியர் ‘பனிப் புனிதர்கள்’ என்று அழைக்கிறார்கள். வெயில் வந்துவிட்டது என்று நம்பியிருக்கும்போது இந்த நாட்களில் திடீரென்று ஓர் இரவு உறைபனி விழுந்துவிடும். அதனால், ‘குளிர் சோபி’ போகும்வரை தக்காளியையும் மிளகாயையும் நிலத்தில் நடாதே என்று இன்றும் அயல்வீட்டுப் பாட்டிமார் நமக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

மார்ச் 17 முதல் மே 15 வரை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ எட்டுக் கிழமைகள். தக்காளி நாற்றொன்று யன்னலடியில் வளரத் தேவைப்படும் காலமும் அதுவே. அதற்குள் பெரும்பாலும் தவக்காலத்தின் ஒரு பகுதியும், புனித வாரமும், உயிர்ப்பு விழாவும், பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் வெள்ளை ஞாயிறும் வந்து போய்விடும்.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியைக் கேட்டோம். இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெறுகிறார். வானம் திறக்கிறது. இவர் என் அன்பு மகன் என்று தந்தையே சொல்லுகிறார். ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் அடுத்து நடப்பது என்ன? அதே ஆவியானவர் அவரைப் பாலைநிலத்துக்கு இட்டுச் செல்கிறார். மாற்கு இன்னும் அழுத்தமான சொல்லால், ஆவி அவரை வெளியே அனுப்பியதாகவே எழுதுகிறார் (மாற்கு 1:12-13). அன்பு மகன் என்று சொன்ன தந்தை ஏன் மகனை வெயிலுக்கும் பசிக்கும் காட்டு விலங்குகளுக்கும் நடுவே விடவேண்டும்?

நாற்று வளர்த்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி தெரிந்திருக்கும்.

விதை முளைப்பதற்கு வெதுவெதுப்பு வேண்டும். மிளகாய் விதைக்கு 25 பாகைக்கு மேல் சூடு கிடைத்தால்தான் நன்றாக முளைவிடும். குளிர்ந்த அறையில் கிழமைக்கணக்கில் காக்கவைக்கும். அதனால் ஹீற்றருக்கு மேலே உள்ள யன்னலடியில் வைத்து, மேலே ஒரு கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ மூடி, நாள்தோறும் ஈரம் பார்க்கிறோம். முளை வந்த பிறகும் அதே சூட்டில், வெளிச்சம் போதாத இடத்தில் வைத்திருந்தால் என்ன நடக்கும்? தண்டு நூல் போல மெலிந்து, வெளிறி, யன்னல் பக்கம் நீண்டு, கடைசியில் சாய்ந்துவிடும். பார்ப்பதற்கு உயரமாக வளர்ந்ததுபோலத் தெரியும். உண்மையில் அது வெளிச்சத்தைத் தேடித் தவிக்கிறது. முளைத்த நாற்றுக்குச் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் பாடம்.

நம் வீடுகளை இங்கே நினைத்துப் பார்ப்போம். நாம் பிள்ளைகளுக்குச் சூடு குறையவிடவில்லை. இரண்டு வேலை, இரவு வேலை செய்து உடுப்பும் உணவும் ரியூஷனும் கொடுத்தோம். நாம் பட்டது அவர்கள் படக்கூடாது என்று எண்ணினோம். அது நல்ல எண்ணம். ஆனால் வெளிச்சம் கொடுத்தோமா? வீட்டில் நற்செய்தியை ஒன்றாகத் திறந்து வாசித்த நாட்கள் எத்தனை? பிள்ளை ஒரு கேள்வி கேட்டபோது, ‘அதெல்லாம் கேட்கக்கூடாது, கோயிலுக்கு வா’ என்று சொல்லாமல், இருந்து பேசிய நாட்கள் எத்தனை?

இன்னொன்றையும் கவனியுங்கள். நாற்றுக்கென்று கடையில் விற்கும் மண், உரம் குறைந்த மண். பலருக்கு இது வியப்பாக இருக்கும். பிள்ளைப் பருவத்தில்தானே நல்ல சாப்பாடு வேண்டும்? ஆனால் உரம் மிகுந்த மண்ணில் இளவேர் கருகிப்போகலாம். உணவு காலடியிலேயே கொட்டிக்கிடந்தால் வேர் தேடிப் பரவுவதும் குறைவு. எளிய மண்ணில் வேர் தேடித் தேடி நுண்ணிய கிளைகளை விடும். பிறகு நல்ல மண்ணுக்கு மாற்றும்போது அந்த வேர்தான் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். திருச்சபை நம்மை நோன்பிருக்கச் சொல்லுவதும் இதைப் போன்றதே. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்பதும், கைபேசியைச் சில மணி நேரம் ஒதுக்கிவைப்பதும் தம்மளவில் பெரிய காரியங்கள் ஆகா. வயிறும் மனமும் எப்போதும் நிரம்பியிருந்தால் வேர் தேடாது. அதற்காகத்தான் இந்த நாற்பது நாள் எளிய மண்.

தண்ணீரிலும் ஓர் அளவு உண்டு. அன்பு மிகுதியால் காலையும் மாலையும் ஊற்றினால், மண் மட்டத்தில் தண்டு அழுகி ஒரே இரவில் நாற்று படுத்துவிடும். அடியழுகல் என்பார்கள். மண்ணின் மேற்பரப்பு சற்றுக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். பெற்றோரே, பிள்ளை ஒரு சிறு தடுமாற்றத்தைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் நாமே ஓடிப்போய் ஆசிரியரிடம் பேசி, நண்பரிடம் பேசி, எல்லாவற்றையும் நாமே சரிசெய்துவிடுவது இந்த இரண்டு நேரத் தண்ணீர்தான்.

அதன் பிறகு பிரித்து நடும் நாள் வருகிறது. முதலில் வருபவை வித்திலைகள். அடுத்து, அந்தச் செடிக்கே உரிய உண்மையான இலைகள் வரும்போது, நெருக்கமாக நிற்கும் நாற்றுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனிக் கோப்பையில் வைக்கிறோம். அப்போது எங்கே பிடிக்க வேண்டும் தெரியுமா? இலையில் பிடிக்க வேண்டும், தண்டில் பிடிக்கக்கூடாது. ஓர் இலை கிழிந்தால் நாற்று இன்னோர் இலை விடும். தண்டு நசுங்கினால் அந்த நாற்று அவ்வளவுதான். பிள்ளைகளைக் கண்டிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நீ செய்த இந்தக் காரியம் தவறு’ என்பது இலையைப் பிடிப்பது. ‘உன்னைப் பெற்றதே வீண், ஊர்ப் பிள்ளைகளைப் பார்’ என்பது தண்டை நசுக்குவது.

எல்லா விதைக்கும் ஒரே முறை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தக்காளி விதைக்கு மேலே அரை சென்ரிமீற்றர் மண் வேண்டும். பெற்றூனியா விதை தூசி போன்றது. அதை மூடவே கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பட்டாணியையும் கீரை வகையான ஸ்பினாற்றையும் மார்ச் மாதக் குளிரிலேயே நேராக நிலத்தில் போடலாம்; அவற்றுக்கு யன்னலடி தேவையே இல்லை. ஒரே வீட்டில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம் போடுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

இனி, இன்று நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் நெருங்கும்போது நாற்று செழிப்பாக நிற்கும். பச்சை பசேல் என்று கண்ணுக்கு அழகாக இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நட்டால் இரண்டே நாளில் இலைகள் வெள்ளை வெள்ளையாக வெந்து, காற்றில் தண்டு முறிந்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே வளர்ந்த இலைக்கு நேர் வெயில் பழக்கமில்லை. அதனால் நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாட்கள் பழக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் வன்மைப்படுத்தல் என்று படித்திருப்பீர்கள். முதல் நாள் பல்கனியில், நிழலில், காற்றுப்படாத மூலையில் ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு உள்ளே. அடுத்த நாள் சற்றுக் கூடுதலாக. பிறகு காலை வெயில். இரவில் 10 பாகைக்குக் கீழே போனால் மறுபடி உள்ளே. கடைசி நாட்களில் இரவிலும் வெளியே. தென்றல் பட்டு அசையும் தண்டு, அசையாமல் நின்ற தண்டைவிடத் தடிக்கிறது. அசைவுதான் அதற்குப் பலம் கொடுக்கிறது.

இந்தப் பத்து நாட்களில் தோட்டக்காரர் நாற்றைக் கைவிட்டாரா? இல்லை. எட்டுக் கிழமைகளில் அவருக்கு அதிக வேலையுள்ள நாட்கள் இவைதான். காலையில் தூக்கி வெளியே வைக்கிறார். மாலையில் தூக்கி உள்ளே வைக்கிறார். வானிலைச் செய்தி பார்க்கிறார். இரவில் எழுந்து யன்னலைத் திறந்து குளிர் பார்க்கிறார். பாலைநிலத்தில் இயேசு தனியாக விடப்படவில்லை. வானதூதர்கள் அவருக்குப் பணிவிடை செய்தார்கள் என்று அதே நற்செய்தி சொல்லுகிறது. தந்தையின் அன்பு யோர்தான் கரையோடு நின்றுவிடவில்லை. பாலைநிலத்துக்கும் கூடவே போனது.

இவ்விடத்தில் ஒன்றை மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிலருடைய காயத்தில் நான் உப்புத் தடவியவன் ஆவேன். பழக்குவது வேறு, உறைபனி வேறு. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் பலர் 1983க்குப் பிறகு வீட்டையும் உறவையும் விட்டு ஓடிவந்தவர்கள். சிலர் கிழக்கு பேர்லின் வழியாக, மாற்றுடுப்பும் இல்லாமல், பனிக்காலத்தில் வந்து இறங்கினீர்கள். அகதி விடுதியில் இருந்தீர்கள். ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டிப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. உங்களை யாரும் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கவில்லை. வேரோடு பிடுங்கி எறியப்பட்டீர்கள். பிள்ளையைப் போரில் பறிகொடுத்த தாயிடம், ‘கடவுள் உங்களைப் பலப்படுத்தத்தான் இதைச் செய்தார்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது உறைபனி. அது மனிதர் செய்த கொடுமை. கடவுள் அதைச் செய்யவில்லை. கல்வாரியில் அந்த உறைபனி அவருடைய மகன்மீதும் விழுந்தது. நீங்கள் இன்று உயிரோடு, நம்பிக்கையோடு, இந்த மண்ணில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்து நிற்கிறீர்கள் என்றால், கருகிய தண்டின் அடியிலிருந்து அவர் புதுத் துளிரை எழுப்பினார் என்றுதான் நான் அறிக்கையிடுவேன்.

ஆனால் அந்த உறைபனியைக் கண்டவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. தாங்கள் பட்டதை எண்ணி, தங்கள் நாற்றை யன்னலடியை விட்டு நகர்த்தவே பயப்படுவது. ‘வெளியே விட்டால் கெட்டுப்போகும்.’ பிள்ளை வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகக் கேட்டால் பயம். ஜேர்மன் பங்கின் இளையோர் குழுவில் சேரக் கேட்டால் பயம். விசுவாசத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் அதைவிடப் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 5 இலட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர் திருச்சபையிலிருந்து விலகிப் பதிவை நீக்கிக்கொண்டார்கள். உறுதிபூசுதல் பெற்ற மறுமாதமே நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரைத் திருப்பலியில் காணவில்லை. வெளிக்காற்று குளிர்ந்த காற்றுத்தான்.

ஆனாலும் சகோதரமே, தக்காளியை யன்னலடியிலேயே வைத்திருந்து யாரும் கூடை நிறையப் பழம் பறித்ததில்லை. கோப்பைக்குள் வேர் சுற்றிச் சுற்றி முடிச்சாகி, இலை மஞ்சளாகி, செடி குன்றிவிடும். நாம் நாற்று வளர்ப்பது வெளியே நடுவதற்காகவே. அப்படியானால் நம் முன் உள்ள கேள்வி, பிள்ளையை வெளியே விடுவதா வேண்டாமா என்பதன்று. பழக்கி விடுகிறோமா, பழக்காமல் விடுகிறோமா என்பதே. பதினெட்டு வயதுவரை ஒரு முடிவும் எடுக்கவிடாமல் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் பெட்டியோடு வேற்றூர் அனுப்புவது, கண்ணாடிக்குள்ளிருந்த நாற்றைச் சித்திரை வெயிலில் வைப்பது போன்றது.

எனவே இந்தத் தவக்காலத்துக்கு மூன்று சிறிய காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைச் செபத்தை வீட்டில் அவர்கள் நடத்தட்டும். தமிழ் தடுமாறினால் ஜேர்மன் மொழியில் நடத்தட்டும். தவக்காலத்தில் சேர்க்கும் காணிக்கையை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். கையைப் பிடித்து எழுதவேண்டாம்.

இரண்டாவது, கிழமையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்விக்கு இடம் கொடுங்கள். எந்தக் கேள்வியும் கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பங்குத்தந்தையிடம் சேர்ந்து வந்து கேளுங்கள். வீட்டுக்குள் இந்தச் சிறு காற்றில் அசைந்து பழகிய தண்டு, வெளியே பெருங்காற்று அடிக்கும்போது எளிதில் முறியாது.

மூன்றாவது, ஏற்கெனவே வெளியே போய்விட்ட பிள்ளைகளுக்காக. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகன், வீட்டோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட மகள். அம்மம்மாமாரே, அப்பப்பாமாரே, இந்த வேலை உங்களுடையது. கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுங்கள். ‘கோயிலுக்குப் போனாயா?’ என்று தொடங்க வேண்டாம். ‘சாப்பிட்டாயா, சுகமா?’ என்று கேட்டு, ‘உனக்காக ஒரு செபமாலை சொன்னேன்’ என்று மட்டும் முடியுங்கள். நட்ட நாற்று முதல் கிழமையில் வாடித் தலைதொங்கி நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்குகிறவர் தோட்டம் தெரியாதவர். மண்ணுக்குள்ளே வேர் பிடித்துக்கொண்டிருக்கலாம். விதைத்தவர் உறங்கினாலும் விழித்தாலும், எவ்வாறு என்று அவருக்கே தெரியாமல் விதை வளர்கிறது என்று இயேசு சொன்ன உவமை (மாற்கு 4:26-29) நம்மைப் போன்ற பெற்றோருக்காகச் சொல்லப்பட்ட ஆறுதல்.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் மகதலா மரியா அழுதுகொண்டு நின்றபோது, எதிரே நின்ற இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்தார் (யோவான் 20:15). அந்த நினைப்பில் ஓர் உண்மையும் இருக்கிறது. அவர் நம் எல்லோருடைய தோட்டக்காரர். அந்தத் தோட்டக்காரர் அவரிடம் சொன்னது என்ன? பெயர் சொல்லி அழைத்தார். அடுத்து, என்னைப் பற்றிக்கொண்டிராதே, போய் என் சகோதரரிடம் சொல் என்று அனுப்பினார். பெயர் சொல்லி அழைக்கும் அன்பும், பற்றிக்கொள்ளாமல் அனுப்பும் அன்பும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. நம் வீடுகளிலும் அவை இரண்டும் ஒன்றாக இருக்க இந்த நாற்பது நாட்களும் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன.

செபிப்போம். எங்கள் விண்ணகத் தந்தையே, உம் அன்பு மகனைப் பாலைநிலத்திலும் பிரியாதிருந்தீரே, எங்கள் யன்னலடியில் நிற்கும் பிள்ளைகளையும், வெளியே வயலில் நிற்கும் பிள்ளைகளையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். அவர்களை அளவோடு பேணவும், அச்சமின்றி அனுப்பவும் எங்களுக்கு ஞானம் தாரும். உறைபனியில் கருகியவர்களை மறுபடி துளிர்க்கச் செய்யும். புனித சூசையப்பரே, நாசரேத்தூரில் இறைமகனை வளர்த்து வெளியே அனுப்பியவரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.